ஒரே கரை - மூன்று முத்திரை!

எண்ணூருக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் கொசத்தலையாற்றுக் கழிமுகமும் காவல் நிற்க, நீண்டு கிடக்கிறது ஒரு மணல் திட்டு. அதிலே இருக்கிறது காட்டுப்பள்ளி. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். பெயரிலே காடு இருக்கிறது. இன்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ பளு தூக்கும் பொறிகளின் காடு! 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே இயங்கத் தொடங்கிற்று. அதனையடுத்துத் தனியார் துறைமுகம் எழுந்தது. 2018-இல் அதை அதானி குழுமம் விலைக்கு வாங்கிற்று. துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் தாம் பிறந்த இடம் விட்டுப் பெயர்க்கப்பட்டனர். வளர்ச்சி வந்தது, வாழ்ந்தவர் நகர்ந்தனர். கடற்கரைதோறும் கேட்கிற கதைதான்.

நாம் இங்கே பேசப் புகுவது வேறொன்று. அந்தக் கரையிலே வாழும் மூவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மீனவர்; கட்டுமரத்தையும் வலையையும் பாட்டன் வழியாகப் பெற்றவர். இன்னொருவர் இருளர், ஓலைப் பறியைப் பல்லிலே கடித்துக்கொண்டு, இடுப்பளவுச் சேற்று நீரிலே இறங்கி, வெறுங்கையால் துழாவி இறால் பிடிப்பவர். மூன்றாமவர் ஆதிதிராவிடர், உப்பளத்திலும் வயலிலும் கூலிக்கு உழைத்துக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர். மூவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மாதா கோயிலில், ஒரே பாதிரியாரின் கையால் ஞானஸ்நானம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகிறார்கள். என்ன நடக்கும்?

மீனவர் "மிகவும் பிற்படுத்தப்பட்டோர்" ஏட்டிலே இருந்தார், இன்னும் இருப்பார். கிறித்துவத்துக்கு மாறியோரும் அடங்குவர் என்று தமிழ்நாட்டு அரசின் பட்டியலே அடைப்புக்குறியிட்டுச் சொல்லுகிறது. இருளர் பழங்குடியினர், பழங்குடியினர் பட்டியலில் மதம் பற்றிய நிபந்தனையே கிடையாது, ஆகவே அவரும் இருந்த இடத்திலேயே இருப்பார். ஆதிதிராவிடர் மட்டும் வாசலைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடுவார்! தாழ்த்தப்பட்டோர் ஏட்டிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டுப் பிற்படுத்தப்பட்டோர் ஏட்டிலே எழுதப்படும். எத்தனை தலைமுறைக்கு முன் மாறியவராயினும் அதே விதி. ஒரே நீர், ஒரே நெற்றி, ஒரே மந்திரம். முத்திரை மட்டும் மூன்று!

மதம் மாறுவது நல்லதா கெட்டதா என்பதல்ல நம் ஆராய்ச்சி. மதமே வேண்டாமென்பார்க்கு எந்த மதத்திடமும் தனிக் காதல் இருக்க வழியில்லை. நம் கேள்வி இதுதான்: பாகுபாட்டை ஒழிக்கப் பிறந்த சட்டம், தன் குடையின்கீழ் யார் நிற்கலாம் என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்கிறது? சேரியிலே கிடக்கும் குடிசை மாறவில்லை, செய்யும் வேலை மாறவில்லை, தேநீர்க் கடையிலே தனிக் குவளை நீட்டியவன், "நீர் நேற்று ஞானஸ்நானம் பெற்றீரா? அப்படியானால் இந்தாரும், நல்ல குவளை" என்று மாற்றித் தந்ததாகவும் செய்தியில்லை. ஊர் மாற்றிக்கொள்ளாத கணக்கைச் சட்டம் மட்டும் மாற்றிக்கொண்டது எப்படி?

வரலாற்றைப் புரட்டினால் விடை தெரியும்.

1922-இல், எம்.சி. இராசா போன்றோர் எழுப்பிய கோரிக்கையை ஏற்று, சென்னை மாகாண அரசு இழிவுச் சொற்களை நீக்கி "ஆதிதிராவிடர்" என்ற பெயரை ஏற்றது. பெயர் மாறிற்று; ஏடு இன்னும் வரவில்லை. 1932-இல் வகுப்புத் தீர்ப்பு, அதன்மேல் காந்தியாரின் உண்ணாநோன்பு, அதன்பின் புனா ஒப்பந்தம் என நிகழ்ச்சிகள் அடுக்கடுக்காக வந்தன. ஒடுக்கப்பட்டோருக்குச் சட்டமன்றத்தில் இத்தனை இடம் என்று முடிவான பிறகு, ஒடுக்கப்பட்டோர் யார் யார் என்று பெயர் எழுதியாக வேண்டுமல்லவா? 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் "பட்டியல் சாதிகள்" என்ற சொல்லைத் தந்தது; 1936-ஆம் ஆண்டு ஆணை பட்டியலைத் தந்தது. அந்த ஆணையிலேயே ஒரு வரி எழுதினார்கள்: இந்தியக் கிறித்துவர் எவரும் பட்டியல் சாதியராகக் கருதப்படமாட்டார்.

ஏன் எழுதினார்கள்? அதே 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தியக் கிறித்துவர்களுக்கென்று தனித் தொகுதிகள் இருந்தன. ஒருவரே இரண்டு பெட்டியிலே கணக்காகிவிடக் கூடாது! வாக்குப் பெட்டிக்காக வெள்ளைக்காரன் கிழித்த கோடு அது. யார் எவ்வளவு இழிவு அனுபவிக்கிறார் என்று அளந்து பார்த்துக் கிழித்த கோடல்ல.

வெள்ளைக்காரன் போனான், தனித் தொகுதிகள் போயின, கோடு போகவில்லை. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதத்துக்கு வேறான மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியராகார் என்று அறைந்தது. 1956-இல் சீக்கியர்க்கு விலக்குத் தந்தனர். அதே 1956-இல், அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அந்தப் பௌத்தர்க்கு விலக்குக் கிடைத்தது எப்போது? 1990-இல்! முப்பத்து நான்கு ஆண்டுகள், அரசமைப்பை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கியவரைப் பின்பற்றியவர்கள் அந்த அரசமைப்பின் நிழலுக்கு வெளியே நின்றார்கள். கிறித்துவரும் இசுலாமியரும் இன்னும் நிற்கிறார்கள்.

இடையிலே பகுத்தறிவு படிக்கும் இளைஞருக்கு ஒரு வேடிக்கை. ஆணையின் வாசகத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள்: "வேறு மதத்தைப் பின்பற்றுபவர்" என்றுதான் இருக்கிறது. எம்மதத்தையும் பின்பற்றாதவர் வேறு மதத்தைப் பின்பற்றுபவராவாரா? ஆகார். கர்த்தரை ஏற்றவர் வெளியே. கடவுளே இல்லையென்பவர் உள்ளே! சட்டத்தை எழுதியவர்கள் நாத்திகருக்குச் சலுகை தர எண்ணியிருப்பார்கள் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. அப்படியொரு பிறவி உண்டென்பதே அவர்கள் நினைவுக்கு வந்திராது.

இந்த ஏட்டு முறைக்கு முன்பே சென்னை மாகாணம் வேறொரு முறையைக் கண்டிருந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வித்திட்டு, முத்தையா முதலியார் அமைச்சராயிருந்தபோது செயலுக்கு வந்த 1927-ஆம் ஆண்டு வகுப்புவாரி ஆணையைப் பாருங்கள். 12 பணியிடங்கள். பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முசுலிம்களுக்கு 2, கிறித்துவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. இதிலே "காப்புக்குரிய வகுப்பு" என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாரும் வகுப்பு, எல்லார்க்கும் பங்கு, பார்ப்பனர்க்குந்தான்! இடத்தைப் பங்கிடுவோம் என்றது அந்த ஆணை. இரக்கம் காட்டுவோம் என்று சொல்லவில்லை. ஆயினும் அதன் குறையையும் மறைக்க வேண்டாம். ஒடுக்கப்பட்டோர்க்குப் பன்னிரண்டில் ஒன்று என்பது மக்கள் தொகைக்கு எவ்வகையிலும் பொருந்தாத பங்கு. ஒடுக்கப்பட்டோரில் கிறித்துவரானவர் கிறித்துவப் பங்கில் போய், படித்த உயர்சாதிக் கிறித்துவரோடும் ஆங்கிலோ இந்தியரோடும் மோத வேண்டியிருந்தது.

அந்த ஆணை 1947-இல் திருத்தப்பட்டது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டது. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. சூன் மாதமே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. வந்ததென்னவோ உண்மை. ஆனால் திரும்பி வந்தது பழைய பங்கீடு அல்ல. "சமுதாயத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்புகள்" என்ற புதிய சொற்றொடர் வந்தது. அன்று முதல் ஒருவர் தம் பங்கைக் கேட்டால் போதாது. தாம் பிற்பட்டவர் என்று மெய்ப்பித்தாக வேண்டும். ஆணையங்களும் அளவீடுகளும் வழக்குகளும் அந்தச் சொற்றொடரின் பிள்ளைகள். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு - பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, தாழ்த்தப்பட்டோர் 18, பழங்குடியினர் 1 - 1994-இல் எழுபத்தாறாவது திருத்தத்தின் வழியே ஒன்பதாம் அட்டவணையில் ஏறி நிற்பதும் அந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

இனி ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கதை. கதையல்ல, வழக்கு: சூசை எதிர் இந்திய ஒன்றியம்.

சென்னை நகரச் சாலையோரத்திலே, வெயிலிலும் மழையிலும் குந்தியிருந்து காலணி தைப்பவர்களுக்கு, இலவசமாகச் சிறு பெட்டிக்கடை தருவதென்று 1980-களின் தொடக்கத்தில் அரசு ஒரு திட்டம் வகுத்தது. சூசை ஆதிதிராவிடர், கிறித்துவர், சாலையோரத்திலே செருப்புத் தைப்பவர். பக்கத்திலே அமர்ந்து அதே வாரை அதே ஊசியால் தைத்தவருக்குக் கடை கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம்? அவர் கிறித்துவர்; 1950-ஆம் ஆண்டு ஆணை அவரைப் பட்டியல் சாதியராக ஏற்கவில்லை. அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். ஒரு பெட்டிக்கடைக்காக அல்ல; தம்மை அந்தச் சாலையோரத்திலே உட்கார வைத்த சாதி, ஞானஸ்நானத்தால் கழுவப்பட்டுவிட்டதா என்ற கேள்விக்காக.

1985 செப்டம்பர் 30 அன்று நீதியரசர் பதக் தீர்ப்பு எழுதினார். மதம் மாறிய பின்னும் அதே சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்துச் சமுதாய அமைப்பில் அச்சாதியால் நேர்ந்த இழிவும் இடர்ப்பாடும், புதிய மதச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று காட்ட வேண்டும். அதற்குப் போதிய சான்று மன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. சூசையின் மனு தள்ளுபடியாயிற்று.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! இந்துவாக இருப்பவரிடம் இத்தகைய சான்றை எவரும் கேட்பதில்லை. பட்டியலில் சாதிப் பெயர் இருந்தால் போதும். கிறித்துவரோ கொடுமையின் கனத்தைத் தராசிலிட்டு நிறுத்துக் காட்ட வேண்டும். சமூகவியல் ஆய்வை நடத்திக் கொண்டுவர வேண்டியவர் யார்? நாளெல்லாம் சாலையோரத்திலே செருப்புத் தைப்பவர்! இடுகாட்டிலே சாதிச் சுவர் எழுப்பிய கிறித்துவ ஊர்கள் தமிழகத்தில் இருந்தன என்பதை எவரும் மறுக்கார். தனி வரிசை, தனிக் கல்லறை, தனித் தேர்வழி என்று, கும்பிடும் சாமியை மாற்றிய பிறகும் கும்பலாக நிற்கும் இடத்தை மாற்றாமல் காத்தது சாதி. அந்தச் சான்று நாடெங்கும் சிதறிக் கிடந்தது. மன்றத்தின் மேசைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அதன்பின் 2007-இல் இரங்கநாத் மிசுரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்தினின்று பிரித்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருட்டிணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தனர். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கிறித்துவரான ஆதிதிராவிடர்க்கும் பட்டியல் சாதித் தகுதி வழங்குக என்று தீர்மானம் இயற்றிற்று. 2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்துவத்தைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசமைப்புக்குச் செய்யும் வஞ்சகம் என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. வஞ்சகம் என்ற சொல் கடுமையானது. ஒருவர் தம் வழிபாட்டை மறைத்தால்தான் தம் வறுமைக்கு மருந்து கிடைக்கும் என்ற நிலையை ஏற்படுத்தியது எதுவோ, அதற்கு என்ன பெயரிடுவது?

வேலையும் படிப்பும் ஒருபுறமிருக்கட்டும். அடிபட்டவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே எந்த ஏடு?

1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், பின்னாளில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது, பாதிக்கப்பட்டவர் இன்ன பட்டியலில் இருந்தாக வேண்டுமென்று கேட்பதில்லை. தீண்டாமை காரணமாகத் தடுத்தானா என்றுதான் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் அதன் 12-ஆம் பிரிவைப் பாருங்கள்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியராயின், செய்த குற்றம் தீண்டாமை காரணமாகவே செய்யப்பட்டது என்று மன்றம் அனுமானிக்கும். பட்டியலில் இல்லாதவர் அந்தக் காரணத்தைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். தடுத்தவனுடைய மனத்துக்குள் புகுந்து எடுத்துவர வேண்டிய சான்று அது! 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ கதவையே சாத்திவிடுகிறது. பட்டியல் சாதியர், பழங்குடியினர் என்று அரசமைப்பு வரையறுத்தவர்க்கு மட்டுமே அது. சாதிப் பெயர் சொல்லித் திட்டியவனுக்கு, எதிரே நிற்பவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்ற கவலையில்லை. சட்டத்துக்கு இருக்கிறது. 2025-இல் ஆந்திர உயர்நீதிமன்றம், மதம் மாறிய போதகர் ஒருவர் இச்சட்டத்தை நாட முடியாது என்று தீர்ப்பளித்தது.

மீண்டும் கரைக்கு வருவோம். இங்கே இன்னொரு வேலி நிற்கிறது. மதத்தைக் கேட்காத வேலி.

காட்டுப்பள்ளிக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது எண்ணூர்த் துறைமுகம். 2001-இல் திறக்கப்பட்டது, 2014-இல் காமராசர் பெயர் பெற்றது. அது அரசுடைமை. அங்கே ஒரு பணியிடம் விழுந்தால் இட ஒதுக்கீட்டு விதி பேசும். வேலிக்கு இப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம் தனியாருடைமை. அங்கே மீனவரின் சான்றிதழும் இருளரின் சான்றிதழும் ஆதிதிராவிடரின் சான்றிதழும் வெறும் காகிதம்! இரு துறைமுகமும் ஒரே கடலைக் குடைந்தன. ஒரே ஆற்று வாயைத் தொட்டன. கப்பல் வந்தால் ஒரே உப்புக் காற்றுத்தான் வீசுகிறது. அரசமைப்பின் 16-ஆம் விதி மட்டும் வேலியைத் தாண்ட மறுக்கிறது. கடையிலும் விடுதியிலும் கிணற்றிலும் குளத்திலும் சாலையிலும் எவரையும் தடுக்காதே என்று 15-ஆம் விதி தனியாருக்கும் சேர்த்து ஆணையிடுகிறது. தனியார் வேலைக் கதவு அந்த வரிசையில் எழுதப்படவில்லை. 1976-இல் தீண்டாமைச் சட்டத்திலே "எந்த வேலையிலும்" என்ற சொற்களைச் சேர்த்தார்கள். ஆயினும் வேலை தராதவன் "தீண்டாமையால் தரவில்லை" என்று எழுதிக் கொடுப்பானா? "தகுதி போதவில்லை" என்பான். "ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்" என்பான்.

நிலம் இழந்த குடும்பங்களுக்கு வேலை என்ற வாக்குறுதி காட்டுப்பள்ளியிலும் தரப்பட்டது. வேலை பெற்றவர்கள் நிரந்தரம் கேட்டுப் போராட நேர்ந்தது. ஒப்பந்தம் என்ற சொல்லின் நிழலில் நிற்பவருக்கு எந்த ஏட்டின் நிழலும் எட்டுவதில்லை. வடக்கேயிருந்து பிழைக்க வந்து அதே ஆலைகளில் உழைப்பவர் நிலை இன்னும் மோசம். தம் மாநிலத்திலே பட்டியலில் இருப்பவர், இங்கே வந்ததும் இந்த மாநிலப் பட்டியலில் இல்லாதவராகிவிடுகிறார். 1990-இல் உச்சநீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. சாதி மட்டும் அவரோடு தொடர்வண்டியேறி வந்துவிடுகிறது. சான்றிதழ் புறப்பட்ட நிலையத்திலேயே இறங்கிவிடுகிறது.

வெளிநாட்டார் எப்படிச் செய்தனர்? அமெரிக்கர் 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் பெயர்ப் பட்டியல் எழுதவில்லை. காரணப் பட்டியல் எழுதினர். இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகிய காரணங்களால் வேலை மறுக்காதே என்றனர். பதினைந்து பேருக்கு வேலை தரும் தனியார் முதலாளியும் அதற்குக் கட்டுப்பட்டவர். அங்கே கறுப்பரும் அதே சொல்லைக் காட்டி வழக்காடலாம், வெள்ளையரும் வழக்காடலாம். அது அந்த முறையின் வலிமை, மெலிவும் அதுதான். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஒன்பது காரணங்களைச் சொன்னது. சாதியைச் சேர்க்க வேண்டுமென்று 2013-இல் நாடாளுமன்றம் கட்டளையிட்டது. 2018-இல் அரசு, சேர்க்கப் போவதில்லை என்று கைகழுவிற்று. ஆனாலும் பீகாரிலிருந்து சென்ற ஒரு பணிப்பெண்ணின் வழக்கில், 2014-இல், சாதியும் இனவழி என்ற சொல்லுக்குள் அடங்கக் கூடும் என்று மேல்முறையீட்டு மன்றம் கூறிவிட்டது. 2023-இல் சியாட்டில் மாநகரம் சாதியைத் தன் தடைப் பட்டியலில் எழுதிற்று. அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் மறுத்தார். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்றனர் வைதிகர். சாதிக்கு நீந்தத் தெரியும் போலும்!

நம் நாட்டிலும் காரணம் பார்க்கும் சட்டங்கள் இல்லாமலில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாரையும் கட்டிற்று. 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டம் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாதென்கிறது. வேலி தாண்டும் வித்தை சட்டத்துக்குத் தெரியாததல்ல. சாதி என்று வரும்போதுதான் கால் தடுக்குகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கரையிலுள்ளவர்களின் சொந்தச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். காட்டுப்பள்ளித் திட்டின் வடக்கே விரியும் பழவேற்காடு ஏரியிலே "பாடு" என்றொரு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. சண்டை வராமல் நீரைப் பங்கிடும் அருமையான வழக்கம் என்று அறிஞர்கள் புகழ்கிறார்கள். உண்மைதான். ஆனால் சீட்டில் யார் பெயர் எழுதப்படும்? குறிப்பிட்ட குப்பங்களின் பட்டினவ மீனவர் சமூகத்தில், தலைக்கட்டு என்ற கணக்கில் வந்த, மணமான ஆண்கள். இருளர் பெயர் அதிலில்லை. ஆதிதிராவிடர் பெயரும் இல்லை. எந்தச் சாதியாயினும் பெண் பெயர் இல்லை. அரசின் ஏட்டிலே மிகவும் பிற்படுத்தப்பட்டவராக நிற்பவர், ஏரியின் ஏட்டிலே கதவு காப்பவர். துறைமுகம் தம்மை விரட்டுகிறது என்று அவர் கூக்குரலிடுவது நியாயம்; அவருக்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமை. அந்தக் குரல் சேற்றில் இறங்கிக் கையால் துழாவுகிறவரையும் சேர்த்துக்கொள்ளும்போதுதான் அதற்கு வலிமை.

இந்த இடத்தில் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் நினைவுக்கு வருகிறது. அது பாதிக்கப்பட்ட குடும்பம் யார் என்பதற்கு வேறொரு வரையறை தந்தது. நிலப் பட்டா உடையவரோடு நில்லாமல், கையகப்படுத்தலுக்கு முன் மூன்றாண்டுகள் நீர்நிலைகளை நம்பிப் பிழைத்த மீன்பிடிப்போர், படகோட்டிகள் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே பிறப்பைக் கேட்கவில்லை, மதத்தைக் கேட்கவில்லை, பிழைப்பைக் கேட்டது. அந்த வரையறைப்படி வலை வீசுபவரும் பறி கடித்து இறால் துழாவுபவரும் ஒரே ஏட்டிலே வந்துவிடுகிறார்கள். உப்பளக் கூலி நீர்நிலையை நம்பியவரா என்று அதிகாரியோடு வாதாட வேண்டியிருக்கும். காட்டுப்பள்ளிக் குப்பம் பெயர்க்கப்பட்டபோது அந்தச் சட்டம் பிறந்திருக்கவில்லை.